பழுப்பேறும் பக்கங்களைக் காப்பாற்றும் அறிவியல்

மாணவர்களே, ஒரு சிறிய சோதனையுடன் தொடங்குவோம். இன்று காலை வந்த நாளிதழின் ஒரு பக்கத்தையும், பள்ளியில் பயிற்சித்தாள் அச்சிடப் பயன்படும் வெள்ளைத்தாள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வெயில் படும் சன்னலோரத்தில் அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் பாதியையும் தடித்த அட்டையால் மூடிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள். நாளிதழின் மூடாத பாதி மஞ்சளாகியிருக்கும். வெள்ளைத்தாளில் அந்த அளவு மாற்றம் இருக்காது.

இரண்டு வாரத்திலேயே இப்படி என்றால், எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான நாளிதழ் எப்படி இருக்கும்? பல இடங்களில் அது தொட்டால் உதிரும் நிலையில் இருக்கிறது. அதைக் காப்பாற்றும் வேலையில் வேதியியல், இயற்பியல், கணிதம், கணினியியல், தமிழ் இலக்கணம் எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன. எப்படி என்பதை இந்த வாரம் படிப்போம்.

எதற்காக இந்தப் பாடு?

நமது வட்டாரத்தில் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’ பிறந்தது. 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ‘தமிழ் முரசு’ வெளிவரத் தொடங்கியது. அதை வளர்த்தெடுத்தவர் கோ. சாரங்கபாணி. தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. ஒரு பத்திரிகை நின்றுவிட்டால் புதிய இதழ் வராது. பழைய இதழ்கள் மட்டுமே எஞ்சும்.

அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது? பெரிய தலைவர்களின் உரைகளை அரசாங்க ஆவணங்களிலும் தேடலாம். ஆனால், ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா, துறைமுகத் தொழிலாளர்களின் கூட்டம், திருமண வாழ்த்து, மரண அறிவிப்பு, வாசகர் கடிதம், மளிகைக் கடை விளம்பரத்தில் போட்ட அரிசி விலை போன்றவை வேறெங்கும் பதிவாகாமல் போயிருக்கலாம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேரூன்ற வேண்டும் என்பதற்காகக் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். எளிய மக்களும் பங்களித்த அந்த இயக்கத்தை ஆராய விரும்புபவர் அந்தக் காலத்து நாளிதழ்களைத்தான் முதலில் புரட்ட வேண்டியிருக்கும். தாள் உதிர்ந்தால் அந்தச் சாட்சியமும் உதிர்ந்துவிடும்.

தாளுக்குள்ளேயே இருக்கும் பகை

நாளிதழ் கெட்டுப்போவதற்குப் பூச்சியும் கரையானும் மட்டும் காரணமல்ல. முதல் எதிரி தாளுக்குள்ளேயே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை, பழைய பருத்தி, லினன் துணிகளைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். வாசகர்கள் பெருகியபோது துணி போதவில்லை. 1840களில் ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் கெல்லரும், இன்று கனடாவின் பகுதியான நோவா ஸ்கோஷியாவில் சார்ல்ஸ் ஃபெனர்ட்டியும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தனர். காகிதம் மலிவானது. நாளிதழ் சாதாரண மக்களின் கைக்கு வந்தது.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. மரத்தில் செல்லுலோஸ் இழைகளுடன், அவற்றைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளும் உண்டு. மரத்தை வெறுமனே அரைக்கும்போது லிக்னினும் கூழிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டால் லிக்னின் வேதிமாற்றம் அடைந்து மஞ்சள், பழுப்பு நிறச் சேர்மங்களாகிறது. உங்கள் சன்னலோரச் சோதனையில் நடப்பது இதுதான். பயிற்சித்தாள் செய்யும்போது வேதிமுறையில் லிக்னினைப் பெருமளவு நீக்கிவிடுகிறார்கள்.

நிறம் மாறுவதைவிடப் பெரிய ஆபத்து தாள் நொறுங்குவது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலி நீளமாக இருக்கும்வரை தாள் வளையும், மடியும். தாளில் அமிலம் இருந்தால், ஈரத்தின் உதவியுடன் அது சங்கிலியை ஆங்காங்கே வெட்டுகிறது. இதை நீராற்பகுப்பு என்கிறோம். இந்த வினையில் அமிலம் வினையூக்கியாகச் செயல்படுவதால் அது தீர்ந்துபோவதில்லை. போதாததற்கு, சிதையும் தாளிலிருந்து புதிய அமிலங்களும் உருவாகின்றன. ஆகவே தாள் முதுமையடைய அடைய, சிதைவின் வேகமும் கூடுகிறது.

இதனால் ஒரு வியப்பான நிலை ஏற்படுகிறது. துணிக்கூழில் செய்த இருநூறு ஆண்டுப் பழைய தாள் நலமாக இருக்கலாம். மரக்கூழில் செய்த எழுபது ஆண்டுத் தாள் நொறுங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கறுப்பு அச்சுமையில் நிறம் தருவது கரித்தூள். கார்பன் எளிதில் வினைபுரியாது. எனவே எழுத்து மங்குவதில்லை. எழுத்தைத் தாங்கும் தாள்தான் கறுத்து உதிர்கிறது.

நம் ஊர் வெப்பமும் ஈரமும்

வேதிவினைகளின் வேகம் வெப்பநிலையுடன் கூடும் என்று படித்திருப்பீர்கள். 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தோராயமான விதி. அந்தக் கணக்கின்படி, 30 டிகிரியில் இருக்கும் வீட்டுச் சாமான் அறையில் ஒரு தாள் 25 ஆண்டுகளில் அடையும் முதுமையை, 20 டிகிரியில் வைத்த ஆவணக் காப்பகத்தில் அடைய 50 ஆண்டுகள் ஆகும்.

அத்துடன் நமது காற்றில் சராசரி ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. நீராற்பகுப்புக்கு வேண்டிய நீர் காற்றிலேயே கிடைக்கிறது. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கும் இடங்களில் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். குளிர்நாட்டு நூலகத்தில் கிடக்கும் நாளிதழைவிட நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் நாளிதழுக்கு அவகாசம் குறைவு.

குளிரூட்டிய காப்பகம் சிதைவை மெதுவாக்கும், நிறுத்தாது. அதனால்தான் தாள் தாங்கும் காலத்திலேயே அதிலுள்ளதை வேறொன்றுக்கு மாற்றிவிட வேண்டியிருக்கிறது. முன்பு நுண்படச்சுருளில் சிறிய படங்களாக எடுத்து வைத்தார்கள். இன்று மின்னிலக்கப் படமாக மாற்றுகிறார்கள்.

பக்கம் எண்களாகும் விதம்

நொறுங்கும் தாளை வீட்டிலுள்ள சாதாரண வருடியில் கவிழ்த்து அழுத்தினால் மடிப்பிலேயே முறிந்துவிடும். ஆகவே தாளை மேசையில் மல்லாக்க விரித்து, மேலிருந்து கேமரா படமெடுக்கும் வருடிகளைப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய தாள் என்பதால் பின்பக்க எழுத்துகளும் நிழலாகத் தெரியும். அதற்கு ஓர் எளிய தீர்வு, பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாளை வைப்பது. வெள்ளைத் தாளை வைத்தால் ஒளி பிரதிபலித்து, பின்பக்க எழுத்தையும் மேலே காட்டிவிடும். கறுப்பு அந்த ஒளியை உறிஞ்சிவிடும்.

எவ்வளவு நுணுக்கமாகப் படமெடுக்க வேண்டும்? ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்கள் என்பதே இங்கு அளவு. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி சின்னஞ்சிறியது. அதன் அகலம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 100 பிக்சல் என்றால் அந்தப் புள்ளிக்கு 2 பிக்சல்தான் கிடைக்கும். அழுக்குக்கும் புள்ளிக்கும் வேறுபாடு தெரியாது. 400 பிக்சல் என்றால் சுமார் 8 பிக்சல் அகலம் கிடைக்கும். வட்டம் தெளிவாகத் தெரியும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 60 சென்டிமீட்டர் உயரமும் 38 சென்டிமீட்டர் அகலமும் உள்ள நாளிதழ்ப் பக்கம் ஏறக்குறைய 23.6 அங்குலம், 15 அங்குலம். 400 பிக்சல் வீதம் உயரத்தில் 9,440, அகலத்தில் 6,000. பெருக்கினால் சுமார் 56.6 மில்லியன் பிக்சல்கள். சாம்பல் நிறப் படத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். ஆக, சுருக்காத ஒரே பக்கத்துக்குச் சுமார் 57 மெகாபைட் இடம் தேவை. வண்ணப் படம் என்றால் அதைப் போல மூன்று மடங்கு. எட்டுப் பக்க நாளிதழ், ஆண்டுக்கு 300 இதழ்கள் என்றால் சாம்பல் நிறத்திலேயே ஏறக்குறைய 137 கிகாபைட் ஆகிவிடும்.

கணினிக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தல்

படமெடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கணினிக்கு அது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அதில் இருந்தாலும் கணினிக்குத் தெரியாது. பெயரைத் தட்டித் தேட வேண்டுமானால், படத்திலுள்ள எழுத்துகளை உண்மையான எழுத்துகளாக மாற்ற வேண்டும். இதைச் செய்யும் மென்பொருளை எழுத்துணரி என்பார்கள்.

எழுத்துணரி முதலில் எது மை, எது தாள் என்று பிரிக்கிறது. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. நல்ல தாள் 200, மை 60 என்றால், 130க்குக் கீழே இருப்பதெல்லாம் மை என்று எல்லை வகுக்கலாம். ஆனால் பழுப்புக் கறை பட்ட மூலையில் தாளே 110 ஆக இருந்தால்? அந்த மூலை முழுவதும் ‘மை’ ஆகிவிடும். அதனால் பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லை வைக்காமல், ஒவ்வொரு சிறு பகுதியிலும் அக்கம்பக்கத்தை ஒப்பிட்டு எல்லையை மாற்றிக்கொள்ளும்படி நிரல் எழுதுகிறார்கள்.

அடுத்து, பத்திகளைப் பிரிக்க வேண்டும். இடப்பத்தியில் ‘பள்ளி ஆண்டு விழா’, வலப்பத்தியில் ‘அரிசி விலை உயர்வு’ என்று செய்திகள் இருக்க, கணினி குறுக்கே வாசித்தால் ‘பள்ளி அரிசி ஆண்டு விலை விழா உயர்வு’ என்று குழம்பிவிடும்.

பிறகுதான் எழுத்துகள். இங்கே தமிழுக்கே உரிய சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, துணைக்கால். ‘ா’ என்ற குறியும் ‘ர’ என்ற எழுத்தும் பார்வைக்கு மிக நெருக்கமானவை. மை சற்றுக் கசிந்திருந்தால் ‘நாகம்’ என்பதை ‘நரகம்’ என்று கணினி வாசித்துவிடும். ‘காடு’ கரடாகிவிடும்.

இரண்டாவது, புள்ளி. அச்சில் புள்ளி விழாமல் போனால் ‘பல் மருத்துவர்’ ஒருவரே ‘பல மருத்துவர்’ ஆகிவிடுவார். தாளில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் இதற்கு நேர்மாறாக, இல்லாத புள்ளி முளைத்துவிடும்.

மூன்றாவது, பழைய எழுத்து வடிவங்கள். உங்கள் தாத்தா பாட்டி எழுதிய ‘லை’, ‘னை’ போன்றவற்றைப் பார்த்திருக்கிறீர்களா? ஐகாரக் குறி தனியாக நிற்காமல், யானைத் துதிக்கை போல எழுத்தின் மேலேயே வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ணா, றா, னா போன்றவற்றுக்கும் வேறு வடிவங்கள் இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் நம் பள்ளிகளிலும் புதிய வடிவங்கள் நிலைபெற்றன. எழுத்துணரிக்கு இரண்டு வடிவங்களையும் கற்றுக்கொடுக்க வேண்டும். நல்ல வேளையாக, யூனிகோட் முறையில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் தனித்தனிக் குறியீடு கிடையாது. வடிவம் எதுவானாலும் குறியீடு ஒன்றே. ஆகவே சரியாக உணர்ந்துவிட்டால், நீங்கள் இன்றைய விசைப்பலகையில் தட்டும் சொல் அன்றைய எழுத்தையும் தேடிப் பிடித்துவிடும்.

95 மதிப்பெண் போதுமா?

ஓர் எழுத்துணரி 100 எழுத்துகளில் 95ஐச் சரியாக வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் என்றால் சிறந்த மதிப்பெண். ஆனால் நாம் தேடுவது எழுத்தை அல்ல, சொல்லை. ஆறு எழுத்துள்ள ஒரு பெயர் முழுவதும் சரியாக இருக்க வேண்டுமானால், ஆறு எழுத்தும் சரியாக அமைய வேண்டும். நிகழ்தகவு விதிப்படி 0.95ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.74. அதாவது, அந்தப் பெயர் 100 இடங்களில் வந்திருந்தால் ஏறக்குறைய 26 இடங்கள் தேடலில் சிக்காது. 99 விழுக்காடு துல்லியம் இருந்தால் தவறவிடுவது 6 இடங்கள்தான். அந்த 4 விழுக்காட்டு முன்னேற்றம் எவ்வளவு பெரியது என்று இப்போது புரிகிறதா?

கடைசிப் பிழைகளைக் களைய மனிதக் கண் தேவை. ஆஸ்திரேலியாவின் தேசிய நூலகம் நடத்தும் ‘ட்ரோவ்’ தளத்தில், கணினி வாசித்த பழைய நாளிதழ் வரிகளைப் பொதுமக்களே படத்துடன் ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் இப்படிப்பட்ட பணிக்குத் தகுதியானவர்தான். பழைய எழுத்தும் தெரிந்த பாட்டி உடன் அமர்ந்தால் இன்னும் நல்லது.

மின்னிலக்கப் பிரதியும் பத்திரமல்ல

கணினியில் ஏற்றிவிட்டால் என்றென்றும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வன்தட்டு பழுதாகும். கோப்பின் வடிவம் வழக்கொழிந்து, திறக்க மென்பொருள் இல்லாமல் போகலாம். யாருக்கும் தெரியாமல் ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆக மாறினாலும் படம் சிதையக்கூடும். இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு சூத்திரத்தில் இட்டு ஒரு சரிபார்ப்பு எண்ணைப் பெறுகிறார்கள். ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை எண்ணைக் கணக்கிட்டு, பழைய எண்ணுடன் ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால், வேறிடத்திலுள்ள நல்ல பிரதியிலிருந்து மீட்பார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு கட்டடத்தில் என்பது காப்பகங்கள் பின்பற்றும் நல்ல பழக்கம்.

இதனால்தான் பழைய நுண்படச்சுருளைக் குப்பையில் போடுவதில்லை. பாலியெஸ்டர் அடித்தளத்தில் முறையாகச் செய்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்த சுருள் 500 ஆண்டுவரை தாங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதை வாசிக்க மென்பொருள் வேண்டாம். ஒரு விளக்கும் ஒரு லென்சும் போதும். மூலத் தாளையும் இயன்றவரை வைத்திருக்கிறார்கள். எந்தப் படமும் மூலத்தின் எல்லாத் தகவலையும் கொண்டிருப்பதில்லை.

நீங்களே தேடிப் பாருங்கள்

சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ என்ற இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. சிலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். காப்புரிமை காரணமாகச் சிலவற்றை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும்.

தேடும்போது அந்தக் காலத் தமிழில் சிந்தியுங்கள். ‘ஆண்டு’ கிடைக்காவிட்டால் ‘வருஷம்’ என்று தேடுங்கள். ‘தலைவர்’ அன்று ‘அக்கிராசனர்’ ஆக இருந்திருக்கலாம். ‘சொற்பொழிவு’ ‘பிரசங்கம்’ ஆக இருந்திருக்கலாம். ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். தேடல் ‘இல்லை’ என்று சொன்னால், நாளிதழிலேயே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நிகழ்ச்சி நடந்த தேதி தெரிந்தால், அதற்கு அடுத்த ஒரு வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய நறுக்குகளுக்கு

உங்கள் வீட்டிலும் நாளிதழ் நறுக்குகள் இருக்கலாம். அவற்றைக் காக்கச் சில வழிகள்:

1. பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் சூடாக்கி ஒட்டி விடாதீர்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கிழிசலில் ஒட்டும் நாடாவையும் ஒட்டாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் பழுப்புக் கறையாக ஊறும்.

2. துருப்பிடிக்கும் குண்டூசி, கம்பி ஊக்குகளை மெதுவாக அகற்றுங்கள்.

3. சமையலறை, குளியலறை அருகே வைக்காதீர்கள். அமிலமற்ற உறையில், வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில், மடிக்காமல் வையுங்கள்.

4. திறன்பேசியில் படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். சன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து, அடியில் கறுப்புத் தாளும் பக்கத்தில் ஓர் அளவுகோலும் வைத்து எடுங்கள்.

5. படத்துக்கு உடனே பெயரிடுங்கள். ஆண்டு, மாதம், நாள், பத்திரிகையின் பெயர், பக்க எண் என்ற வரிசையில் எழுதுங்கள். நறுக்கில் இருக்கும் முகங்கள் யாருடையவை என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் குறித்துவையுங்கள். எந்த வருடியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முழு இதழோ கட்டோ கிடைத்தால் கத்தரிக்காதீர்கள். அது நூலகத்தில்கூட இல்லாத இதழாக இருக்கக்கூடும். பெரியவர்களின் அனுமதியுடன் நூலகத்தாரிடம் தெரிவியுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. சன்னலோரச் சோதனையில் தாளின் பாதியை மட்டும் மூடியது ஏன்? வெப்பத்தின் தாக்கத்தைத் தனியாக அறிய வேண்டுமானால் சோதனையை எப்படி மாற்றி அமைப்பீர்கள்?

2. ஓர் எழுத்துணரியின் துல்லியம் 98 விழுக்காடு. ஆறு எழுத்துப் பெயர் ஒன்று 200 இடங்களில் வந்திருந்தால், ஏறக்குறைய எத்தனை இடங்கள் தேடலில் தவறிப்போகும்?

3. படக் கோப்பின் பெயரில் நாளை முதலில் எழுதாமல் ஆண்டை முதலில் எழுதச் சொன்னது ஏன்? கணினி கோப்புகளை எப்படி வரிசைப்படுத்தும் என்று யோசியுங்கள்.

4. ‘ா’, ‘ர’ குழப்பத்தைப் போல, எழுத்துணரி தடுமாறக்கூடிய வேறு தமிழ் எழுத்து இணைகள் மூன்றைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும், பொருளே மாறிவிடும் ஒரு சொல்லை எடுத்துக்காட்டாகத் தாருங்கள்.